ஸ்டியரிங் சிலிண்டர் கசிவு: அலைந்து ஓய்ந்தபின் எழுதும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

வணக்கம். ஈரோடு மாவட்டம் கோபி பக்கம் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறேன். உங்கள் 24 ஹெச்.பி. மினி டிராக்டரை வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை, மீட்டரில் 640 மணிதான் ஓடியிருக்கிறது. பவர் ஸ்டியரிங் சிலிண்டரில் ஆயில் ஒழுகுகிறது. எந்த இடத்தில் என்று நான் சொல்லவா வேண்டும்? வண்டியைச் செய்தவர்கள் நீங்கள்.

சித்திரைக் கடைசியில் டீலரின் மெக்கானிக் வந்து சீல் கிட் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையங்கள்) மாற்றினார், 1,450 ரூபாய். பதினோராம் நாள் மறுபடியும் ஒழுகல். முன் அச்சு முழுக்க ஆயிலும் புழுதியும் சேர்ந்து களி மாதிரி அப்பிக் கிடக்கிறது. சிலிண்டருக்குள் போய்வரும் ராடைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவினால் நடுவில் ஓரிடத்தில் நகம் சிக்குகிறது. ராடின் குரோம் பூச்சில் கீறல். அதில் எத்தனை புது சீல் போட்டாலும் கிழித்துவிடும் என்று எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். உங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? சிலிண்டரையே மாற்றுங்கள் என்றால், "சீல் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது" என்கிறார்கள். நான் கேட்பது சீல் இல்லை ஐயா, சிலிண்டர்!

சரி, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்று முன்பணம் கட்டினேன். மூன்று வாரம் கழித்து, கோயம்புத்தூருக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். காலையில் பஸ் ஏறிப் போனவனை உட்காரவைத்து, மூன்றரை மணிக்குப் பெட்டியைக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்தால் டூ வீல் டிரைவ் சிலிண்டர். என் வண்டி ஃபோர் வீல் டிரைவ். போல்ட் துளையும் சேரவில்லை, ராடு நுனி மரையும் வேறு. சேஸிஸ் நம்பரை எழுதிக் கொடுத்துதான் ஆர்டர் போட்டேன். அங்கேயே பிரித்துப் பார்க்காதது என் தப்பாம்.

அதற்கு முன்பு, வண்டியைக் கொண்டு வந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லி, குட்டி யானையில் ஏற்றி ஈரோடு போய்வர 3,800 ரூபாய் செலவு வைத்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று மெக்கானிக் லீவு.

இதையெல்லாம்கூட பொறுத்துக்கொள்வேன். உங்கள் உதவி எண்ணில் பேசிய தம்பி சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "டிராக்டர்னா ஆயில் லீக் இருக்கத்தான் செய்யும், துடைச்சிட்டு ஓட்டுங்க. நீங்க மட்டும்தான் கம்ப்ளெயின்ட் பண்றீங்க." என் மகன் வயதுதான் இருக்கும். நடவுக்கு மண்ணை வரப்பாக அணைத்துப் பார் பிடிக்கிற நேரத்தில், திருப்பும்போது ஸ்டியரிங் இரும்பாகக் கனத்து நிற்கிற வண்டியில் அவரை ஒரு மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்றீர்களே, நீங்களே போட்டுக் கேளுங்கள்.

மஞ்சள் நடவுக்கு வாடகை வண்டி பிடித்தேன், மணிக்கு 900 ரூபாய். இந்தப் போகமே போச்சு, நஷ்டம் மூன்று லட்சத்துக்குக் குறையாது.

உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. சரியான சிலிண்டரைத் தோட்டத்துக்கே அனுப்பி, மாட்டி, ஆயிலில் சிக்கிய காற்றை எடுத்து, ஓட்டிக் காட்டுங்கள். சீல் கிட், குட்டி யானை வாடகை, முன்பணம் மூன்றும் திரும்ப வர வேண்டும். பத்து நாள் தருகிறேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன்தான். 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஈரோடு நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்கள்தான் வர வேண்டியிருக்கும்.

வரும் ஆளிடம் அந்தத் தப்பான சிலிண்டரையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். மாட்டுக் கொட்டகையில் பெட்டியோடு கிடக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இதுவரை)