எடுத்ததை முழுசாகக் கொடுங்கள்: ஆவணப்படத் தயாரிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர் அவர்களுக்கும் படக்குழுவினருக்கும்,

வணக்கம். போர்க்கள அனுபவம் ஒரு வாரம், காட்டு வேட்டை ஒரு வாரம் என்று நீங்கள் வெளியிட்டுவரும் தொடரில், 1971 இந்திய-பாகிஸ்தான் போரைப் பற்றிய பகுதிக்காக என் அப்பாவைப் பேட்டி எடுத்தீர்கள். அதன் பிறகு நடந்த கடிதப் போக்குவரத்து உங்கள் கோப்பிலேயே இருக்கும். படத்தில் சேராத பதிவுகளை யாருக்கும் தரும் வழக்கமில்லை என்று கடைசியாக ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரிக்காகத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: அப்பா பேசியதில் நீங்கள் எடுத்ததை முழுசாகக் கொடுங்கள்.

அப்பா எம்.இ.ஜி.காரர், அதாவது ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றும் சொல்லும் அந்தப் பொறியாளர் படையின் 9வது இன்ஜினியர் ரெஜிமெண்ட். ராணுவம் முழுக்க 'தம்பி' என்று கூப்பிடுவார்களே, அந்தத் தம்பிகளில் ஒருவர். 1971 டிசம்பர் 15 ராத்திரி, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றுக்கு அக்கரையில், டாங்குகள் போவதற்குக் கண்ணிவெடி வயலில் பாதை திறந்தவர்கள் அவர்கள். பாதை முழுசாகத் திறக்கும் முன்பே நம் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்குகள் புறப்பட்டுவிட்டன. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையும், 21 வயதில் பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்தர்பாலின் வீரமும் நாடறிந்தவை. அவற்றை நீங்கள் விரிவாகக் காட்டியதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. அந்த டாங்குகள் போன பாதையைத் திறந்தவர்கள் படத்தில் ஒரு நிமிடம்கூட வரவில்லை. அப்பா வாய் திறந்ததுமே மேலே ஆங்கில விவரணை ஏறிவிட்டது. அதற்கும் மேலே பீரங்கிச் சத்தம்.

சரி, படம் உங்களுடையது. எதை வைப்பது, எதை வெட்டுவது என்பது உங்கள் முடிவு. வெட்டியதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

பக்கத்து ஊரில் ஓர் அத்தை இருக்கிறார். அவருடைய அண்ணன் அப்பாவோடு சேர்ந்து ஆளெடுப்பில் தேறியவர். அதே வயலில் அன்று ராத்திரி இறந்துபோனார். வீட்டுக்குத் தந்தி வந்தது, அதோடு சரி. அத்தை எத்தனையோ தடவை அப்பாவிடம் வந்து கேட்டிருக்கிறார். "கண்ணிவெடியில போயிட்டான்மா" என்பதைத் தாண்டி அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களிடமும் சொன்னதில்லை.

உங்களிடம் சொன்னார். சத்தம் வருகிறது என்று மின்விசிறியை நிறுத்தி, எங்களையெல்லாம் வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் எடுத்தீர்கள். நடுவில் தண்ணீர் வாங்க வெளியே வந்த உங்கள் உதவியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஐயா கூட இருந்தவரோட கடைசி நேரத்தைச் சொல்றார்" என்றார். நல்ல பையன். பிறகு அப்பா முற்றத்துக்கு வந்து, உடைந்த குடைக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மண்ணில் குப்புறப் படுத்து, இருட்டில் எப்படித் தேடினோம் என்று கேமராவுக்குச் செய்து காட்டினார். நேராகக் குத்தக்கூடாது, சாய்த்துத்தான் குத்த வேண்டும். கம்பி எதிலாவது தட்டினால் கையை அப்படியே நிறுத்த வேண்டும். முழங்கை மண்ணோடு எழ முயன்றவரை உங்கள் ஆட்கள் தூக்கிவிட்டார்கள். அதுவும் படத்தில் இல்லை. அன்று ராத்திரி அம்மாவிடம், "சொல்ல வேண்டியத சொல்லிட்டேன். படத்துல வரும், அவன் தங்கச்சி பாத்துக்கட்டும்" என்றாராம்.

படம் வருவதற்கு முன்பே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ஆள் இருக்கிறார், பேச்சு இல்லை. எழுதவும் கை வரவில்லை. ஒளிபரப்பு அன்று அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, முடியும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "இன்னொரு நாள் மிச்சத்தப் போடுவாங்களாப்பா?" என்று கேட்டார். நான் என்ன சொல்லட்டும்? அண்ணன் எப்படிச் செத்தான் என்று அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே குரல் இன்று உங்கள் அலுவலக ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. தயவுசெய்து அதை முழுசாகக் கொடுங்கள்.

அப்பா கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டுகிறீர்கள். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளை யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் உரிமையில் நான் கை வைக்கவில்லை. வெளியிட மாட்டோம் என்று எழுதித் தருகிறோம். பிரதி எடுக்கும் செலவையும் கொடுக்கிறோம்.

அமெரிக்காவில் 2000ல் சட்டமே இயற்றி, முன்னாள் படைவீரர்களின் பேட்டிகளை நாடாளுமன்ற நூலகத்தில் சேர்த்துவைக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, வெட்டி ஒட்டியிருக்கக்கூடாது என்பது அங்கே விதி. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ள வீரர்களின் ஒலிப்பதிவுகள் பலவற்றை யாரும் வீட்டிலிருந்தே கேட்கலாம். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் இத்தாலியிலும் நின்றுவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் பேசாமலே போய்விட்டார்கள். 1944ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற சுபேதார் சுப்ரமணியனும் மெட்ராஸ் சேப்பர்தான். அவரைத் தமிழ்நாட்டிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? அரசும் செய்யவில்லை, பல்கலைக்கழகங்களும் செய்யவில்லை. கேமராவோடு வந்தவர்கள் நீங்கள் மட்டும்தான். அதனால்தான் கோபமும் உங்கள் மேல் வருகிறது.

உங்கள் வேட்டைப் பகுதிகளிலும் இதையேதான் பார்க்கிறேன். பென்னாகரம், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சனைப் பற்றிப் படம் போட்டீர்கள். துப்பாக்கியின் தயாரிப்பு விவரம்வரை சொன்னீர்கள். தடம் பார்த்துச் சொன்ன பைரா பூசாரியைத் தன் நண்பர் என்று ஆண்டர்சனே பேர் சொல்லி எழுதியிருக்கிறார். உங்கள் படத்தில் அவர் பேரில்லாத நிழல். புல் மடங்கியிருப்பதைப் பார்த்துப் புலி எப்போது போனது என்று சொல்லத் தெரிந்தவர் முன்னால் நடக்காவிட்டால், துப்பாக்கி வைத்திருந்தவர் அந்தக் காட்டில் என்ன செய்திருப்பார்? குண்டு பாயும் நொடியை மூன்று முறை மெதுவாக ஓட்டிக்காட்டுகிறீர்கள். அதற்கு முன் மணிக்கணக்கில் தடம் தேடியதற்கு இடமில்லை என்கிறீர்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். முற்றத்தில் எடுத்ததையும் சேர்த்து, எடுத்ததை முழுசாகக் கொடுங்கள். முடிவெடுக்க நாளாகும் என்றால், அதுவரை அந்தப் பதிவை அழிக்க மாட்டோம் என்றாவது எழுத்தில் உறுதி கொடுங்கள். யாருக்கும் பிரதி தர முடியாது என்பதுதான் முடிவென்றால், அத்தையை உங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வருகிறேன். ஓர் அறையில் உட்காரவைத்து அவருக்கு மட்டுமாவது போட்டுக் காட்டுங்கள். அவரால் பேருந்தில் நெடுந்தூரம் வர முடியாது, நான் கார் வைத்துக்கொள்கிறேன். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சேப்பரின் மகன்
வேலூர் மாவட்டம்