டர்போவைக் கழற்றும் முன் காயிலைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பொருத்திய பழைய பெட்ரோல் கார் ஒன்று நெடுஞ்சாலையில் இழுவை இழந்து குலுங்கினால், "டர்போ போய்விட்டது, செலவு தாங்காது, வண்டியைத் தள்ளிவிடுங்கள்" என்ற தீர்ப்பு எங்கள் பகுதிப் பட்டறைகள் சிலவற்றில் சோதனை எதுவும் இன்றியே சொல்லப்படுகிறது. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருக்கும் காரின் உரிமையாளர் அதை நம்பிவிடவும் செய்கிறார். இத்தகைய பழுதுகளில் முதலில் பார்க்க வேண்டியது டர்போவை அல்ல, பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலையும் அதை இயக்கும் மின்னணுச் சுற்றான மாட்யூலையும்தான் என்பதை, மோட்டார் வாகனப் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அண்மையில் என் மைத்துனரின் காருக்கும் இதே தீர்ப்புத்தான் கிடைத்தது. காரைக்குடிக்குள் சாதுவாக ஓடிய வண்டி, திருச்சி சாலையில் லாரியை முந்த ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வெட்டி வெட்டி இழுத்தது. எஞ்சின் விளக்கும் விட்டுவிட்டு மின்னியது. முதலில் பார்த்த பட்டறையில், காரின் கணினி பதிந்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர்கூடப் போடாமல் டர்போவுக்கு விலை சொன்னார்கள். தேவகோட்டையில் வேறொரு மெக்கானிக் ஸ்கேன் செய்ததில் மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஸிங் ஆவதை, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியாததைக் குறிக்கும் பி0303 என்ற குறியீடு வந்தது. அவர் மூன்றாம் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதின் காயிலை மூன்றாவதிலும் மாற்றிப் பொருத்தி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தார். இம்முறை பி0302 வந்தது. பழுது காயிலோடு சேர்ந்தே இடம்பெயர்ந்துவிட்டதால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. புதிய காயிலும் நான்கு புதிய பிளக்குகளும் போட்டதோடு குலுக்கல் நின்றது. டர்போவை யாரும் தொடவில்லை.

காயிலின் கோளாறு டர்போவின் கோளாறு போலத் தோன்றுவதற்குத் தெளிவான காரணம் உண்டு. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்குத் தேவையான மின்னழுத்தமும் கூடுகிறது. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும்போது இத்தேவை உச்சத்துக்குப் போவதால், ஊருக்குள் மெதுவாகச் செல்கையில் சிரமமின்றிப் பொறி தந்த காயில், முந்தும் நேரத்தில் தோற்றுவிடுகிறது. காயிலின் மின்காப்புப் பொருளில் கண்ட விரிசல் வழியே மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எஞ்சினின் உலோகத்துக்குக் கசிந்துவிடுகிறது. டர்போ உதவ வேண்டிய தருணத்தில் வண்டி இழுக்காததால் ஓட்டுபவரின் சந்தேகம் டர்போ மீது விழுவது இயல்பே. ஆனால் உண்மையில் டர்போ கெட்டால் நீலப்புகை, எஞ்சின் ஆயில் குறைதல், சங்கு ஊதுவது போன்ற சத்தம், டர்போவின் சுழல் தண்டில் ஆட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது பெரும்பாலும் தென்படும். மின்னும் எஞ்சின் விளக்கோ மிஸ்ஸிங்கையே சுட்டுகிறது. அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கிவிடும். அதற்கான செலவு தனி.

அம்பாசடர் காலத்துப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கிச் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பது மின்னணு இல்லாமல் தொடுமுனைகளே பொறியை இயக்கிய பாயிண்ட் செட் இருந்த நாளில் சரி. பிளக்கின் தலைமேலேயே அமரும் இன்றைய காயிலுக்குள் பெரும்பாலும் மின்னணுச் சுற்றும் அடங்கியிருப்பதால், அதை ஓட்டத்தில் தூக்கினால் காயிலும் கெடலாம், பல்லாயிரம் வோல்ட் கையிலும் பாயலாம். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டுக் கழற்றுவதே முறை. பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் ஆயில் கசியாமல் அடைக்கும் வால்வ் கவர் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டும். இல்லையேல் புதிய காயிலின் ரப்பரும் அதே ஆயிலில் ஊறிக் கெடும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும் காயிலைக் கூடுதலாக உழைக்க வைத்துக் கொல்லும் என்பதால், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னும் பழைய சில கார்களில் மாட்யூல் தனிப் பெட்டியாக இருக்கும். சூடானதும் எஞ்சின் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பினால் அதையும் சந்தேகிக்கலாம். அதனை மாற்றும்போது அடித்தகட்டுக்கும் மாட்யூலுக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசையைத் தடவத் தவறினால், நம் சித்திரை வெயிலில் புதியதும் நெடுநாள் தாங்காது. ஸ்வீடனின் சாப் கார்களைப் போல நான்கு பிளக்குக்கும் உரிய காயில்கள் ஒரே பெட்டியில் (கேசட்) அடங்கியிருந்தால் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாற்றிப் பார்க்க வழியில்லை; நன்றாக வேலை செய்யும் வேறொரு கேசட்டைப் பொருத்தித்தான் முடிவு செய்ய முடியும்.

இங்கே பல கார்கள், சென்னையிலும் மலேசியாவிலும் வாழும் உரிமையாளர்கள் கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் ஊருக்கு வரும்வரை கொட்டகையில் நிற்பவை. நிற்கும் வண்டியில் ரப்பர் இறுகும், எலி வயரைக் கடிக்கும். வந்த இடத்தில் அவசரத்தில் இருப்பவர் சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்கிறார், அல்லது வண்டியை விற்றுவிடுகிறார். பழம்பொருள் கடைகள் நிறைந்த முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு நிலைக்கும் எனாமல் தூக்குக்கும் பேரம் பேசி மதிப்பறிந்து வாங்கும் ஊரில், நல்ல எஞ்சின் கொண்ட காரை ஒரு காயிலுக்காகக் கழித்துக்கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டர்போவையோ மாட்யூலையோ மாற்றச் சொல்லும் பட்டறைகள், ஸ்கேனில் வந்த குறியீட்டை ரசீதில் எழுதித் தந்து, கழற்றிய பழைய பாகத்தையும் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ரசீது தராமல் இருப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்த்திருப்பதால், அதைக் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை. அத்துடன், கைப்பழக்கத்தில் தேர்ந்த எங்கள் மூத்த மெக்கானிக்குகள் ஸ்கேனரை வாசிக்கவும் மின்னணு இக்னிஷனைச் சோதிக்கவும் கற்கும்படி, காரைக்குடி வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் குறுகிய கால வகுப்பு நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். வகுப்பெடுக்க ஆள் வேண்டுமெனில், ஊதியம் எதிர்பாராமல் வர நான் ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
காரைக்குடி.