மேசையில் விழுந்த குத்து

ஸ்டாவாங்கர்,
14-6-2025

அன்புள்ள சம்பந்தம்,

நலம், நீங்கள் அனைவரும் நலந்தானே? பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதாயிருந்தால் மூர்த்தியையும் கூட வைத்துக்கொண்டு திட்டு. கேரம் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டானா?

இந்த ஊரில் நடந்த நார்வே செஸ் போட்டியில் ஜூன் 1 ஞாயிறன்று குகேஷ் நார்வேக்காரரான மாக்னஸ் கார்ல்சனை வென்றதை, நீ அங்கே நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்த்திருப்பாய். முதல் சுற்றில் அவரிடம் தோற்ற பிள்ளை, ஆறாவது சுற்றிலும் வெகுநேரம் தோற்கும் நிலையிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, நேர நெருக்கடியில் கார்ல்சன் குதிரையைத் தவறாக நகர்த்தியதும் ஆட்டத்தைத் திருப்பிவிட்டான். அவர் மேசையில் விட்ட குத்தில் காய்கள் துள்ளின. நான் போட்ட கூச்சலில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்த் 6.5-3.5 என்று கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தபோது, ஏதோ நானே போய்த் தோற்கடித்ததுபோல் ஒரு மாதம் என்னோடு பேசாமலிருந்தாயே, அந்தக் கணக்கும் அன்றிரவு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தை ஒதுக்கிவிட்டு, அந்த ஆட்டத்தைப் பலகையில் வரைந்து விளக்கினேன். அதிகம் பேசாத ஒரு பெண், என்னைப் பெயர் சொல்லி அழைத்து (இங்கே ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள், பதற்றப்படாதே), "உங்கள் மகிழ்ச்சி குகேஷ் வென்றதற்கா, மாக்னஸ் தோற்றதற்கா?" என்று கேட்டாள். நான் டஸ்டரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் வைத்திருக்கும் நாடு இது. பதினோரு வயது வரை தரவரிசைப் பட்டியல் கிடையாது. பரிசு கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். என் மகளின் கால்பந்து ஆட்டத்தில் எத்தனைக்கு எத்தனை என்று உரக்கக் கேட்டுவிட்டு, மற்ற பெற்றோரின் பார்வையில் நான் கூனிக் குறுகிய கதை உனக்குத் தெரியும். அப்படி வளர்த்தும், அப்போது ஐம்பத்தைந்து லட்சம் பேர்கூட இல்லாத நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கியது. நம்மூரில் பனி ஏது என்று நீ முனகுவது கேட்கிறது.

உன் பொங்கல் கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். டிசம்பரில் குகேஷ் டிங் லிரனை வென்று உலக சாம்பியனானதும், அவன் தெலுங்குப் பிள்ளை என்று ஆந்திர முதல்வரும், சென்னையின் பெருமை என்று நம் முதல்வரும் வாழ்த்த, நீ நம் பக்கம் நின்று இரண்டு பக்கத்துக்கு வாதாடியிருந்தாய். தொழிலை விட்டுவிட்டு மகனோடு நாடு நாடாக அலைந்த அந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அப்பாவுக்கு அப்போது நாம் என்ன செய்தோம், சொல்? நான் அன்று போட்ட கூச்சலும் அந்த வகைதான்.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் ஆனந்த் தோற்ற பிறகு எங்கள் ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டை எனக்கு நீட்டி, "உங்கள் ஆளும் நன்றாகத்தான் ஆடினார்" என்றார்கள். பரிவோடுதான் சொன்னார்கள், அந்தப் பரிவுதான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொண்டையில் நிற்கிறது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு உண்மையான விடை இரண்டாவதுதான், சம்பந்தம். கணக்கு வாத்தியார் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணிடம் விடையை மறைத்துவிட்டேன்.

ஜூன் 6 அன்று கோப்பை கார்ல்சனுக்கே போயிற்று, குகேஷுக்கு மூன்றாமிடம். அதைப் பற்றி நீ மூச்சுக்கூட விடமாட்டாய். அடுத்த வகுப்பில் அவளிடம் விடையைச் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "எனக்கும் ஸ்வீடன் தோற்றால் அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

மதிப்பெண் வேலை முடிந்து ஜூலையில் ஊருக்கு வருகிறேன். பலகையை வாங்கி வை. பவுடர் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ராகவன்