போர்வை விரித்த குற்றம்

சாக்ரமெண்டோ,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள வசந்தா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் நான்கு மாதங்களைக் கடத்திவிட்டேன். நீ கோபப்பட்டிருந்தால் அது நியாயம்தான். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாகத் தம்பி சொன்னான். பெரியவளுக்கு வேலை கிடைத்த சேதியும் கேட்டேன். முதல் சம்பளத்தில் அவளாகவே உனக்குப் புடவை எடுத்தாளா, அல்லது நீ கடைவரை கூட்டிக்கொண்டு போனாயா? இங்கே நாங்கள் அனைவரும் நலம். இன்று உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறு. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

2018 நவம்பரில் சிக்கோ நகரத்துக்குச் சமைக்கப் போனதை உனக்கு எழுதியிருந்தேன். அதற்குக் கிழக்கே மலையில் இருந்த பாரடைஸ் என்ற ஊர் அம்மாதம் 8ஆம் தேதி காலையில் தீப்பற்றி, மாலைக்குள் பெரும்பாலும் சாம்பலாகியிருந்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. தப்பியவர்கள் சிக்கோவில் ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஊரே திரண்டு வந்து போர்வையும் காலணியும் கொடுத்தது. வடிகட்டி இல்லாமல் நான் போட்ட தேநீரை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்த ஒரு மூதாட்டியைப் பற்றியும் எழுதினேன், நினைவிருக்கிறதா? மலையில் ஒரு வண்டி வீட்டில் வாடகைக்கு இருந்தவர் அவர்.

சென்ற வியாழக்கிழமை இங்கே பக்கத்து ஊரில் உணவுப் பொட்டலம் வழங்கும் வரிசையில் அவரை மறுபடியும் பார்த்தேன். என் குரலைக் கேட்டு அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். அதன்பின் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பூங்காவில் போர்வை விரித்துப் படுத்ததற்கான அபராதச் சீட்டு அது. வசந்தா, அந்தப் போர்வை நாங்கள் 2018இல் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளிதான். ஓரத்தில் போட்ட சிவப்புத் தையலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று அந்தக் கம்பளியைக் கையில் வாங்கியபோது அவர் தீயில் வீடிழந்தவர். இன்று அதையே விரித்துப் படுத்ததால் குற்றவாளி. இடையில் எந்த நாளில், எந்த அலுவலகத்தில் இந்த மாற்றம் நடந்தது என்பதுதான் மூன்று இரவுகளாக என்னை அரிக்கிற கேள்வி.

நான் தேடிப் பார்த்தவரை, அப்படி ஒரு நாளை யாரும் அறிவிப்பதில்லை. உதவிகளின் கெடுதான் ஒவ்வொன்றாக முடிகிறது. பேரிடர் உதவிக்கான மத்திய அமைப்பான ஃபெமா தங்குமிட உதவிக்கு வைத்திருக்கும் பொதுவான வரம்பு 18 மாதங்கள். எரிந்த வீட்டுக்குப் பத்திரம் இருந்தவர்கள் காப்பீட்டுப் பணத்தை வைத்து எங்காவது வேரூன்றினார்கள். வாடகைக்காரர்களுக்குப் பத்திரம் இல்லை, பலருக்குக் காப்பீடும் இல்லை. தீக்கு முன்பே சிக்கோவில் வாடகை வீடு அரிது. தீக்குப் பின் வாடகை அவர்கள் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. சொந்த மனை உள்ளவர்களும் தப்பவில்லை. எரிந்த மனையில் டிரெய்லரை நிறுத்திக் குடியிருக்கலாம் என்று முதலில் அனுமதித்த பாரடைஸ் ஊர் மன்றம், இடிபாடு அகற்றும் செலவு கிடைக்காமல் போகலாம் என்று ஃபெமா எச்சரித்ததால், 2019 பிப்ரவரியில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. தன் மண்ணில், தன் வண்டியில் படுப்பதும் விதிமீறலாகிவிட்டது.

சில ஆண்டுகள் நீதிமன்றம் ஓரளவு காத்தது. தங்க வேறு இடம் இல்லாதவரைப் பொது இடத்தில் தூங்கியதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 2018இல் மேற்கு மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2021இல் சிக்கோ நகரம் விமான நிலையத்தருகே இருந்த ஒரு தார்த்தளத்தைக் காட்டி, இதுவே தங்குமிடம், ஆகவே கூடாரங்களை அகற்றலாம் என்று வாதிட்டது. கூரையும் சுவரும் தண்ணீரும் மின்சாரமும் இல்லாத தார்த்தளம் தங்குமிடம் ஆகாது என்று நீதிபதி தடுத்தார். அதன் பயனாக 2022 சமரசத்தில் 177 சிறு குடில்கள் கிடைத்தன.

பிறகு 2024 ஜூன் 28 வந்தது. ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், இத்தகைய தண்டனை, அரசமைப்பு தடைசெய்யும் ‘கொடுமையான, வழக்கத்துக்கு மாறான’ தண்டனை அல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் முடிவு செய்தது. வழக்குக்கு வந்த அந்த ஊரின் அன்றைய விதியைப் படித்தேன். தற்காலிகமாகத் தங்குவதற்காகப் படுக்கையோ போர்வையோ விரித்தாலே அது முகாமாகக் கருதப்பட்டது. அபராதம் அப்போது 295 டாலர், கட்டாவிட்டால் 537.60 டாலர். மீண்டும் மீண்டும் பிடிபட்டால் பூங்காவுக்குள் நுழையத் தடை. தடையை மீறினால் அத்துமீறல் குற்றம், 30 நாள் வரை சிறை. விடுமுறைக்கு வந்த பயணி கூடாரம் போட்டாலும் இதே விதிதான் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பயணிக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறதே, வசந்தா! தூக்கம் உடலின் தேவை, அது குற்றமல்ல என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி சோட்டோமேயர் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஃபுளோரிடாவிலும் உள்ளூர் அமைப்புகள் பொது இடத்தில் தூங்க அனுமதிப்பதைத் தடைசெய்யும் சட்டம் வந்திருக்கிறது. 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் அங்கே கரையைக் கடந்தது. ஐந்தே நாளில், அக்டோபர் 1 அன்று, சட்டம் நடைமுறைக்கு வந்தது. நெருக்கடி நிலையின்போது ஆளுநர் அதை நிறுத்திவைக்கலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பேரிடர் வந்தால் மனிதர்கள் வெளியில் படுப்பார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்? ஆனால் நெருக்கடி நிலைக்குத் தேதி உண்டு. அறிவிப்பு காலாவதியான மறுநாள் வீடு முளைத்துவிடுமா?

இன்னொன்றும் மனத்தில் நெருஞ்சிமுள்ளாகக் குத்துகிறது. பாரடைஸ் தீயை மூட்டியது பிஜி அண்ட் ஈ மின் நிறுவனத்தின் பழைய மின்கம்பியில் தேய்ந்துபோயிருந்த ஒரு கொக்கி. 2020இல் அந்த நிறுவனம் 84 பேரின் மரணத்துக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சுமார் 35 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. யாரும் சிறைக்குப் போகவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கான அறக்கட்டளையின் இழப்பீடு ஆண்டுக்கணக்கில் தவணை தவணையாக வந்தது. அதைப் பெறக் கடிதம் சேரும் முகவரி வேண்டும். இந்த மூதாட்டியின் கூடாரத்தை அகற்றியபோது அடையாள அட்டையும் கோப்புகளும் குப்பை வண்டியில் போயின. இனி அபராதம் கட்டாவிட்டால் பிடியாணை வரலாம். பிடியாணை பதிவில் இருப்பவருக்கு யார் வீடு வாடகைக்குக் கொடுப்பார்கள்? தெருவிலிருந்து எழுந்துபோகச் சொல்லும் சட்டமே அவரைத் தெருவோடு சேர்த்துக் கட்டுகிறது.

சுனாமிக்குப் பின் 2005இல் அந்தத் தற்காலிகக் கொட்டகைகளில் நீயும் நானும் பெயர்ப் பட்டியல் எடுத்தது இந்த நாட்களில் ஓயாமல் நினைவுக்கு வருகிறது. உன்னைப் ‘பட்டியல் ராணி’ என்று கணக்கு வாத்தியார் கூப்பிடுவாரே! வாடகைக்கு இருந்தவர்களுக்கு வீட்டு எண் இல்லை, அவர்களைச் சேர்க்க முடியாது என்று மேற்பார்வையாளர் சொன்னபோது, நோட்டின் பின்பக்கத்திலிருந்து நீ தனியாக எழுதத் தொடங்கினாய். அன்று நீ வீம்புக்குச் செய்கிறாய் என்று நினைத்து நான் சலித்துக்கொண்டேன். அது என் தவறு.

புதன்கிழமை காலை அவரோடு நீதிமன்றத்துக்குப் போகிறேன். இலவசச் சட்ட உதவிக்காரர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். 2018இல் அவர் பெயருக்கு வந்த ஃபெமா கடிதம் ஒன்று மட்டும் மேலங்கியின் உள்பையில் இருந்ததால் தப்பியிருக்கிறது. அதைப் படி எடுத்துவைத்துவிட்டேன். அந்தப் பின்பக்கப் பட்டியலில் முகவரி இல்லாதவர்களுக்கு நீ எதைச் சான்றாக எழுதினாய்? நோட்டு இன்னும் உன்னிடம் இருந்தால் இரண்டு பக்கமாவது படம் எடுத்துச் செவ்வாய்க்குள் அனுப்பு.

அன்புடன்,
மல்லிகா