சிகரட் வரியில் நீங்கள் கேட்காமல் விடும் கேள்வி

தமிழ்ப் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி செய்தி ஆசிரியர்களுக்கு,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், விடிவதற்கு முன்பே யாராவது ரேடியோவைப் போட்டுவிடுவார்கள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குக் கிளம்பும் வரைக்கும் உங்கள் குரல்தான் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஆட்கள் உங்களைக் கேட்கிறார்கள், நம்புகிறார்கள். அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்.

சிகரட்டுக்கு வரி கூடினால் எந்தச் சிகரட் எத்தனை ரூபா ஏறியது, அரசுக்கு எவ்வளவு வருமானம் என்று சொல்கிறீர்கள். அதோடு சரி. அந்தப் பணத்தில் எவ்வளவு, புகையை விட நினைக்கிறவனுக்கு உதவியாகத் திரும்பி வருகிறது என்று நீங்கள் கேட்டு நான் கேட்டதே இல்லை.

எங்கள் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் புகைத்தவர். சிகரட் விலை ஏறியதும் பீடிக்கு மாறினார், அவ்வளவுதான் அந்த வரி எங்கள் வீட்டில் செய்த வேலை. இருமல் கடுமையானதும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். இதை விட்டால்தான் இருமல் போகும் என்றார்கள், எப்படி விடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவும் விட்டார். மூன்றாம் நாள் தூக்கமில்லை, கை நடுக்கம், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். நிக்கோட்டின் இல்லாமல் உடம்பு தவிக்கிறது, முதல் சில நாட்கள்தான் மோசம், சில வாரங்களில் அடங்கிவிடும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் சண்டை. பொறுக்க முடியாமல் அம்மாவே காசைக் கொடுத்து ஒரு கட்டு பீடி வாங்கி வரச் சொன்னார். கடைக்கு ஓடியது நான். அந்த வயதில் இதை எங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தை 2003இலேயே இலங்கை ஏற்றுக்கொண்டது. அதன் 14ஆவது உறுப்புரை, விட நினைக்கிறவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்று சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புகையிலை, மதுசாரத்துக்கென்று தேசிய அதிகார சபையும் வந்தது. புகையை விடுவதற்கான ஆலோசனைக்கு 1948 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. எங்கள் லயத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் நிருபர் ஒருவர் அந்த இலக்கத்தை எடுத்து, தோட்டத்து ஆள் பேசுகிற தமிழில் பேசிப் பார்த்து, நடந்ததை அப்படியே ஒலிபரப்பட்டும். விடும்போது வரும் தவிப்பைக் குறைக்கிற, மெல்லும் நிக்கோட்டின் கமும் தோலில் ஒட்டும் பட்டையும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. நுவரெலியா, பதுளை மாவட்ட அரசாங்க வைத்தியசாலைகளில் அவை கிடைக்கின்றனவா, எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், அதற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டால் எழுத்தில் பதில் வாங்கலாம். எனக்கு வருகிற பதில் என் பெட்டியில்தான் கிடக்கும், உங்களுக்கு வருகிற பதில் நாடு முழுக்கப் போகும்.

இன்னொன்று. வரி கூடினால் கள்ளச் சிகரட் பெருகும் என்ற பேச்சைப் போடும்போது, அதை யார் சொல்கிறார், சிகரட் விற்றால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அதே செய்தியில் போடுங்கள். அப்புறம், சிகரட்டோடு நிறுத்திவிடாதீர்கள். கொழுந்து எடுக்கிற எங்கள் அம்மாமார் வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் புகையிலைதான், வாய்ப்புற்றுநோய் அதிலிருந்தும் வருகிறது. அவர்களுக்கு விட உதவி செய்யவும் காசு ஒதுக்க வேண்டும்.

அடுத்த பாதீட்டன்று விலைப் பட்டியலை வாசித்து முடித்ததும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்று மறுநாளும் சொல்லுங்கள். முடிந்தால் 1948ஐப் பற்றிக் காலையில், பிரட்டுக்கு முன்னால் சொல்லுங்கள். எங்கள் லயத்தில் முதல் பீடி பற்றவைக்கிற நேரம் அதுதான்.

தோட்டத்துப் பிள்ளை ஒருவன்