பூ விவசாயிகளுக்கு வந்த பணம் யாருக்குப் போனது? பட்டியலை ஒட்டுங்கள்

விவசாயிகளுக்கு நிவாரணப் பணம் பட்டுவாடா செய்யும் கர்நாடக அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். அம்மா பூக்கட்டி விற்கிறார், பூ வருவது ஆனேக்கல் பக்கம் இருக்கும் மாமாவின் தோட்டத்திலிருந்து. மாமா தோட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் நிலம் அவருடையது இல்லை. ஒன்றரை ஏக்கரை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துச் சாமந்தி வைக்கிறார்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. கே.ஆர். மார்க்கெட்டுக்கு வண்டி போகவில்லை, கல்யாணம் இல்லை, கோயில் இல்லை. அப்படியும் மாமா விடாமல் பூப் பறித்தார், விட்டால் செடியிலேயே அழுகி மொட்டும் சேர்ந்து கெட்டுவிடும் என்று. பறித்ததை வரப்போரம் கொட்டினார். அந்தக் குவியல் இடுப்பு உயரம் வந்து, அடியில் கறுத்துச் சூடாகி, பக்கத்தில் நிற்க முடியாத வாடை அடித்தது. மே மாதம் டிராக்டர் விட்டு உழுதுவிட்டார்.

அதே மே மாதம்தான் அப்போதைய முதலமைச்சர் எடியூரப்பா 1,610 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தார். பூ விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 25,000 ரூபாய், அதிகபட்சம் ஒரு ஹெக்டேர் வரை. ஒன்றரை ஏக்கருக்குச் சுமார் 15,000 வரும் என்று மாமா கணக்குப் போட்டு வைத்திருந்தார். வரவில்லை. விசாரித்தால், பஹணியில், அதாவது நிலம் யாருடையது, என்ன பயிர் என்று எழுதியிருக்கும் அரசுப் பதிவேட்டில், யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் என்றார்கள். நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 1974-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்த மாநிலத்தில் விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கே, ராணுவத்தினர் போன்ற சிலரைத் தவிர, சட்டத்தில் இடமில்லை. அப்புறம் மாமா மாதிரி ஆட்களின் பெயர் எந்தக் காகிதத்தில் ஏறும்?

சரி, நிலத்துக்காரரிடம் கேட்டார். எனக்கும் ஒரு பைசா வரவில்லை என்றார் அவர். மாமா நம்பவில்லை. இருபது வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், அன்றிலிருந்து பேச்சு சரியாக இல்லை. 2021-ல் ஹெக்டேருக்கு 10,000 என்று மறுபடி அறிவிப்பு வந்தபோது மாமா கேட்கக்கூடப் போகவில்லை. பணம் நிலத்துக்காரர் கணக்கில் விழுந்ததா, இல்லை விண்ணப்பமே தள்ளுபடி ஆனதா, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஊர்ப் பஞ்சாயத்துச் சுவரில் ஒரு தாள் கூட ஒட்டவில்லை.

மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் உதவிப் பணம் யார் யாருக்குப் போகிறது என்று ஊர்வாரியாக யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதிலும்கூட 2020-ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயரில் 110 கோடி ரூபாய்க்கு மேல் போனது. திறந்து வைத்த பட்டியலிலேயே இப்படி என்றால், மூடி வைத்ததைப் பற்றி ஊரில் என்னதான் பேசமாட்டார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, மானியம் வாங்கியவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. சட்டம் வந்தது 2005-ல்.

ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ வேண்டாம். பெயர், சர்வே நம்பர், என்ன பயிர், எவ்வளவு நிலம், எவ்வளவு பணம், எந்தத் தேதி, கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை, இவ்வளவு போதும். இரண்டு வருஷத்துக்கும் கன்னடத்தில் அச்சடித்து ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒட்டுங்கள். குத்தகைக்குப் பயிர் செய்கிறவரைக் கணக்கெடுப்பின்போதே தனியாகக் குறித்துக்கொள்ள ஒரு வழியும் செய்யுங்கள், அடுத்த முறையாவது ஆகும்.

அந்த 15,000 இனி வராது என்று மாமாவுக்குத் தெரியும். பட்டியலில் நிலத்துக்காரர் பெயர் இல்லையென்றால், நானே மாமாவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன்.