மாத்திரை முடிந்த பிறகு யாரிடம் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நோயாளியின் ஊசி கையில் குத்திவிட்ட செவிலியர், மருத்துவக் கழிவால் காயப்பட்ட தூய்மைப் பணியாளர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் போன்றோருக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் மருந்து கொடுக்கும் ஏற்பாடு அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. மாத்திரையைக் கையில் கொடுப்பதில் காட்டும் அக்கறையை அது தீர்ந்தபின் காட்டுவதில்லை என்பதே, செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எனது குறை.

அந்த வாரங்களில் உடம்புக்கு எது வந்தாலும் பயம்தான். என்னுடன் பணியாற்றிய இளம் செவிலியர் ஒருவர், வார்டில் நிற்கும்போதே கழுத்தைத் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். காய்ச்சல், தொண்டைவலி, தோல் தடிப்பு, நெறி கட்டுதல் எல்லாம் புதிய தொற்றில் வரக்கூடியவைதான்; சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் அவையே வரும்; குமட்டலும் தலைவலியும் அந்த மாத்திரைகளாலேயே வரலாம்; தொற்று ஏற்பட்ட சிலருக்கோ அறிகுறியே தெரியாது. காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதுதான், ஆனால் உண்டா இல்லையா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், மருந்தே எடுக்காவிட்டாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று அளவில்தான் என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பரிசோதனை நாளிலும் குழப்பம். மாத்திரை முடிந்த மறுநாளே தனியார் ஆய்வகத்துக்கு ஓடி, 'இல்லை' என்று வந்த முடிவை நம்பவும் முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. இம்மருந்தை எடுத்தவருக்குத் தொற்று இருந்தாலும் அது பரிசோதனையில் தெரியத் தாமதமாகலாம் என்பதால்தான், 6 வாரத்தோடு நிறுத்தாமல் 3 மாதத்திலும், நம் நாட்டு நெறிமுறைப்படி 6 மாதத்திலும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

இந்தத் தேதிகளை மாத்திரை உறையின் மேலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுத ஒரு பேனா போதும். இடையில் ஒருமுறையாவது, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கலாம். இலவச உதவி எண் 1097 இருப்பதையும் சொல்லி அனுப்பலாம். மருத்துவமனை ஊழியர்கள் பலர், உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அடுத்த பரிசோதனைக்கே போவதில்லை. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் முடிவை ரகசியமாக வைக்கச் சொன்னாலும், ஒரே கட்டடத்தில் அது எவ்வளவு நாள் காக்கப்படும் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். எனவே அவர்கள் வேறு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதித்துக்கொள்ளவும், அந்த நாளைப் பணிநாளாகக் கணக்கிடவும் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.